"என்னடா சொன்னான்?": டிவியின் குரலும் சில மலிவான வைத்தியங்களும்

எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணி சீரியலின்போது அதிகம் கேட்கும் வசனம் சீரியலில் வருவதல்ல, ஈஸிசேரிலிருந்து வருவது. "என்னடா சொன்னான்?" அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. நான் ரிமோட்டை எடுத்து 22-இல் இருந்த சத்தத்தை 30 ஆக்குவேன். அடுத்த நொடி சீரியல் மாமியார் முறைப்பார், பின்னணி இசை இடிக்கும், அடுப்படியிலிருந்து அம்மா "கொஞ்சம் குறைச்சுத்தான் வையேன்" என்பாள். குறைத்ததும் மறுபடி "என்னடா சொன்னான்?" 43 அங்குல டிவி, நாயகியின் மூக்குத்திக் கல்லை எண்ணிவிடலாம். அவள் பேசுவது மட்டும் கூடத்தைத் தாண்டி வந்து சேருவதில்லை.

குறை அப்பாவின் காதில்தான் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்த கல்லூரிப் பெண்ணும் அதே கேள்வியைக் கேட்டாள். அதற்குப் பின் டிவி மெக்கானிக், திருவிழாவுக்கு மைக்செட் போடும் நண்பர், ஒலியியல் புத்தகங்கள் என்று ஒரு சுற்று வந்ததில், காதுக்கு இந்தக் குற்றத்தில் சின்னப் பங்குதான் என்று தெரிந்தது.

சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே டிவி செய்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பிக்சர் ட்யூப் நீளமாக இருந்ததால் பெட்டியும் ஆழமாக இருந்தே தீரவேண்டும். உள்ளே காற்றுக்கு இடம் இருந்தது. திரைக்குப் பக்கத்திலேயே, துளை போட்ட தட்டுக்குப் பின்னால், நம் முகத்தைப் பார்த்தபடி ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது. 2006-க்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியும் அந்த வம்சம்தான். படம் சுமார், பேச்சு தெளிவு. தட்டை டிவி வந்ததும் ஆழம் போயிற்று. பிறகு திரையைச் சுற்றியிருந்த சட்டமும் போயிற்று. முன்னால் இடமில்லாத ஸ்பீக்கரைக் கீழ் விளிம்பில் தரையைப் பார்த்தோ, முதுகுப்பக்கம் சுவரைப் பார்த்தோ செருகிவிட்டார்கள். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் கதை சொன்னால் எப்படி இருக்கும்?

இதில் இரண்டு நஷ்டம். ஒன்று அடித்தொனியில். 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் உருவாக்கிக் காட்டிய அமைப்பைத்தான் இன்றைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் பார்க்கிறோம்: காந்தத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய கூம்பு, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும். தொனி இறங்க இறங்கக் கூம்பு அதிகம் அசைய வேண்டும். 400 ஹெர்ட்ஸில் ஒரு பங்கு அசைந்தால், அதே பலத்தில் 100 ஹெர்ட்ஸைத் தர 16 பங்கு அசைய வேண்டும். விரல் அகலத் தடிமன் உள்ள டிவியில் அதற்கு இடம் ஏது? ஒலிக்காரர்களிடம் ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், அடித்தொனி ஆழமாக இருக்க வேண்டும், கொடுத்த மின்சாரத்துக்கு நன்றாக உரக்க வேண்டும்; இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். டிவி கம்பெனி சிறிய பெட்டியை நமக்காக ஏற்கெனவே எடுத்துவிட்டது.

இரண்டாவது நஷ்டம்தான் அப்பாவுக்கு நேர்ந்தது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 11 அடி. அது டிவியைச் சுற்றி வளைந்து எப்படியாவது வந்துவிடும். 3,000 ஹெர்ட்ஸின் அலைநீளமோ சுமார் 11 சென்டிமீட்டர். அது போன திசையில் போகும். தரையைப் பார்த்த ஸ்பீக்கரிலிருந்து அது அலமாரிப் பலகையில் மோதிச் சிதறுகிறது. சொல்லைச் சொல்லாக்கும் மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும்தான் இருக்கிறது. ஸ, ஷ போன்ற சீறும் ஒலிகள் இன்னும் மேலே. 'வாழை', 'வாளை', 'வாலை' மூன்றையும் சொல்லிப் பாருங்கள். உயிரொலி ஒன்றுதான், நாக்கின் நுனி எங்கே போகிறது என்பதில்தான் பழமும் மீனும் வாலும் பிரிகின்றன. மேல்தொனி மழுங்கினால் முதலில் கரைவது இந்த வித்தியாசம். 'யாரோ பேசுகிறார்கள்' என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். செய்தி ஓடும்போது டிவியின் அடிவிளிம்புக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, ஒலியை உங்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். செய்தி வாசிப்பவர் ஓரடி முன்னால் வந்த மாதிரி இருக்கும். எங்கள் டிவியில் இதைச் செய்துகாட்டியபோது மெக்கானிக் சிரித்தார்: "கையை எடுத்துடாதீங்க சார், அப்படியே நில்லுங்க."

மைக்செட் நண்பர் சொன்ன உதாரணம் இன்னும் நல்லது. கோயில் கொடைக்குப் பனைமரத்தில் கட்டுவார்களே, குழாய் ஸ்பீக்கர், அதில் பாஸ் என்று எதுவுமே கிடையாது. ஆனால் 'காணாமல் போன சிறுவன் மேடைக்கு அருகில் இருக்கிறான்' என்ற அறிவிப்பு வயலைத் தாண்டி அடுத்த ஊருக்குச் சொல் பிசகாமல் போகும். குழாயின் வடிவம் பேச்சுக்கு வேண்டிய நடுத்தொனியை மட்டும் சேர்த்து ஒரு திசையில் அனுப்புகிறது. பழைய தொலைபேசியும் அப்படித்தான். 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது, அதிலேயே நாம் கல்யாணம் பேசி முடித்தோம். இதைக் கேட்ட பிறகு கடைகளில் 'பாஸ் பாருங்க சார்' என்று நெஞ்சை அதிரவைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. வீட்டுக்குத் தேவை ஒன்று, விற்பது இன்னொன்று.

வயதானவர் காதும் மேல்தொனியிலிருந்துதான் மங்கத் தொடங்குகிறது. டிவி எதை விழுங்குகிறதோ அதையேதான் முதுமையும் விழுங்குகிறது. ஆகவே மொத்தச் சத்தத்தைக் கூட்டினால், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த இசையும் இடியும்தான் இன்னும் பெருக்கும். அம்மாவின் புகாரும் அப்பாவின் புகாரும் ஒரே நேரத்தில் நியாயமாக இருந்தது இதனால்தான்.

மூன்றாவது ஒரு தரப்பும் உண்டு: படத்தை மிக்ஸ் செய்தவர்கள். தியேட்டருக்காக 5.1 முறையில் கலக்கும்போது வசனத்தைப் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இரண்டே ஸ்பீக்கர் இருக்கும்போது ஐந்தாறு வாய்க்காலில் வந்த தண்ணீரை இரண்டில் திருப்பிவிட்ட கதை. வசனமும் மழையும் கார் சத்தமும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. ஓடிடி செயலிகளில் ஒலி மெனுவுக்குள் போய் 5.1-க்குப் பதில் ஸ்டீரியோவைத் தேர்ந்தால் சில படங்களில் உடனே வித்தியாசம் தெரியும். டிவியில் 'நைட் மோட்', 'ஆட்டோ வால்யூம்' என்று ஏதாவது இருந்தால் அது மெல்லிய ஒலிக்கும் பெருத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும். 'கிளியர் வாய்ஸ்' மாதிரி ஒன்று இருந்தால் போடுங்கள். 'சரவுண்ட்' என்று இருப்பதை அணையுங்கள். இரண்டு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு நாலாபக்கமும் ஒலி வருவதாகக் காதை ஏமாற்றும் வேலை அது, ஏமாறுவது பெரும்பாலும் வசனம்தான். விளம்பரம் வரும்போது சத்தம் எகிறுவதை மட்டும் எந்த ஸ்பீக்கராலும் குணப்படுத்த முடியாது. அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டு 2012 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவும் இலவசம். இதற்குப் பிறகும் குறை இருந்தால் கடைக்குப் போகலாம். போவதற்கு முன் வாட்ஸ் என்ற மாயையைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

அட்டைப்பெட்டியில் 2,000 வாட்ஸ், 5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும். அது எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத எண். அச்சடிப்பவர் மனசுதான் கணக்கு. ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் இந்த விளையாட்டு முற்றிப்போய் அமெரிக்காவின் வணிக ஆணையம் 1974-லேயே விதி கொண்டுவர வேண்டியிருந்தது. நாம் செய்ய வேண்டியது எளிது: பெட்டியோடு வரும் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கினால் 24 வாட். சுவரிலிருந்து 24 வாட் வாங்கும் கருவி தொடர்ந்து அதற்கு மேல் எங்கிருந்து கொடுக்கும்? ஆர்.எம்.எஸ். என்று போட்ட எண் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் பெரிதாக வேண்டியதில்லை. சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட் வாங்கிக்கொண்டு ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் அளவுக்குக் கத்தும். பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் ஏறக்குறைய 75 டெசிபல் வந்து சேரும். நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே 60 சொச்சம்தான். கூடத்தில் சீரியல் பார்க்க ஓரிரு வாட் உண்மையாகச் செலவானால் அதிகம். வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும்.

சரி, எதை வாங்குவது? முதலில் பரணைப் பாருங்கள். பழைய மியூசிக் சிஸ்டமோ கம்ப்யூட்டர் ஸ்பீக்கரோ தூசி மண்டிக் கிடந்து, அதன் முதுகில் 'ஆக்ஸ்' என்ற துளை இருந்தால் நூறு இருநூறு ரூபாய் வயரில் வேலை முடிந்தது. டேப் ரிக்கார்டர் காலத்து ஸ்பீக்கர் ஜோடி மட்டும் தப்பியிருந்தாலும் போதும். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் 4440 ஐசி போட்டு அசெம்பிள் செட் செய்துகொடுத்தார்களே, அந்தக் கலை இன்னும் சாகவில்லை. சென்னை ரிச்சி தெருவில் டி.பி.ஏ. 3116 மாதிரி கிளாஸ்-டி ஐசி வைத்த உள்ளங்கை அளவு போர்டுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஒரு நல்ல அடாப்டர் சேர்த்தால் பரணில் கிடந்த மரப்பெட்டி ஸ்பீக்கர் பேச ஆரம்பித்துவிடும். என்னைக் கேட்டால் கொடுத்த காசுக்கு இதற்கு ஈடு வேறு இல்லை. ஆனால் வீட்டில் சால்டரிங் வாசனை பிடிக்க வேண்டும்.

புதிதாக வாங்குபவர்களுக்குச் சந்தை மூன்று சாமான்களைக் காட்டுகிறது. டிவிக்குக் கீழே படுக்கும் சவுண்ட்பார். இரண்டு குட்டி ஸ்பீக்கரும் ஒரு வூஃபர் பெட்டியுமான 2.1, சரிசமமான இரண்டு பெட்டி மட்டும் உள்ள 2.0. ஐயாயிரம் ரூபாய்க்குள் மூன்றுமே கிடைக்கும். சென்னைக் கம்பெனியான ஜீப்ரானிக்ஸ் முதல் வெளிநாட்டுப் பெயர்கள் வரை போட்டி கடுமை. அந்த விலையில் 2.1-இன் குறை எங்கே என்றால், பணமெல்லாம் வூஃபருக்குப் போய்விடும். பேச வேண்டிய குட்டிப் பெட்டிகளில் எலுமிச்சம்பழ அளவு ஸ்பீக்கர் ஒன்று இருக்கும். ஆண்குரலின் அடிப்பாதி வூஃபரிலிருந்தும் மேல்பாதி குட்டிகளிலிருந்தும் வர, கதாநாயகன் சோபாவுக்கு அடியிலிருந்து பேசுவது போல் இருக்கும். மலிவு 5.1 செட்டுகளைப் பற்றி எழுதவே வேண்டாம். பின் ஸ்பீக்கர் இரண்டும் ஆறு மாதத்தில் சமையலறைக் கதவுக்கு மேல் ஆணியில் ஊமையாகத் தொங்கும். சவுண்ட்பார் பார்க்க லட்சணம், ஒரே சாமான், நம்மைப் பார்த்தே பேசும், அதனாலேயே டிவியைவிட நிச்சயம் மேல். ஆனாலும் மூன்று நான்கு அங்குல ஸ்பீக்கர் உள்ள சாதாரண 2.0 ஜோடி அதே விலையில் பேச்சைத் தெளிவாகத் தரும் என்பதுதான் என் அனுபவம். ட்ரெபிளுக்குத் தனித் திருகு இருக்கும் ஜோடியாகப் பாருங்கள்.

அடுத்தது இணைப்பு. பாதிப் பேர் தோற்பது இங்கேதான்.

வயரில்லாமல் ப்ளூடூத்தில் போடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுந்த பிறகுதான் சத்தம் வரும். ஒலி கொஞ்சம் பிந்துவது இயற்கை, காதும் மன்னிக்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி, ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே மனிதர் கண்டுபிடித்துவிடுவார்கள். பிந்துவதாக இருந்தால் 125 வரை தெரியாது. சாதாரண ப்ளூடூத் சுலபமாக 200 வரை பிந்தும். உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். உதட்டைப் பார்த்தே பாதி வசனத்தைப் பிடிக்கும் முதியவர்களுக்கு இது இருந்ததையும் கெடுத்தது போலாகும்.

ஹெட்போன் துளையிலிருந்து வயர் இழுப்பது பழைய வழி, நல்ல வழி. டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும் குறையும். வீட்டுப் பெரியவர் கையில் இரண்டாவது ரிமோட் கொடுக்கும் பாவம் வேண்டாம். இப்போது பல டிவிகளில் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள். எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளை இருந்தால், சவுண்ட்பாரிலும் அதே துளை இருந்தால், அதுதான் ராஜபாட்டை. 2009-இல் வந்த இந்த ஏற்பாட்டில் ஒரே கேபிளில் ஒலி திரும்பி வரும், டிவி ரிமோட்டே சவுண்ட்பாரையும் ஆளும். இல்லாவிட்டால் ஆப்டிகல். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த, சிவப்பு வெளிச்சம் எட்டிப்பார்க்கும் அந்தச் சதுரத் துளை. அதை மாட்டிவிட்டு 'சத்தமே வரல' என்று கடைக்காரருக்குப் போன் போடும் முன், டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் வெளியீட்டை 'பி.சி.எம்.' என்று மாற்றிப் பாருங்கள். டிவி டால்பி மொழியில் பேச, மலிவு ஸ்பீக்கருக்கு அந்தப் பாஷை தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். ஸ்பீக்கரில் ஆப்டிகல் துளையே இல்லையென்றால் இடையில் வைக்கும் குட்டி மாற்றிப்பெட்டி சில நூறு ரூபாய்.

ஆப்டிகலுக்கு யாரும் சொல்லாத ஒரு புண்ணியம் உண்டு. கேபிள்காரர் வயர், செட்டாப் பாக்ஸ், டிவி, ஆம்ப்ளிஃபயர் என்று எல்லாம் செம்பால் பிணைந்திருக்கும் வீட்டில், எர்த் சரியில்லாவிட்டால் ஸ்பீக்கரில் வண்டு ரீங்காரம் மாதிரி ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆப்டிகலில் போவது வெளிச்சம். உறுமல் ஏறி வர வழியே இல்லை.

எந்த வழியில் இணைத்தாலும் டிவியின் சொந்த ஸ்பீக்கரை மெனுவில் அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் பலம் என்று நினைத்து விட்டுவைப்பவர்கள் அதிகம். இரண்டும் ஒரே கணத்தில் பேசாது. கிணற்றுக்குள் குனிந்து பேசிய மாதிரி ஆகும்.

கிணறு என்றதும் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிமெண்ட் சுவர், வழவழ டைல்ஸ், கான்கிரீட் கூரை, கண்ணாடி ஷோகேஸ்: நம் கூடங்கள் ஒலியை உறிஞ்சுவதே இல்லை, பந்து மாதிரி திருப்பித் திருப்பி அடிக்கின்றன. 1895-இல் ஹார்வர்டில் ஃபாக் அருங்காட்சியகத்தின் புதிய விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர்கள் பேசியது ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஒரு சொல்லின் எதிரொலி அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆயிற்று. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சேபைன் என்ற இளம் இயற்பியலாளரை அனுப்பினார்கள். அவர் இரவுகளில் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி சாக எத்தனை நொடி என்று கடிகாரத்தில் அளந்தார். கட்டட ஒலியியலின் அடிப்படைச் சூத்திரம் அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. அதைக் கொண்டு 12-க்கு 15 அடிக் காலிக் கூடம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் மூன்று நொடி அளவுக்கு எதிரொலி வருகிறது. பேச்சுக்கு அரை நொடி போதும். திறந்த ஜன்னல் தன்மேல் விழும் ஒலியை முழுக்க வெளியே விட்டுவிடும். கனத்த திரைச்சீலை, பாய், துணி சோபா, நாலு மனிதர்கள், எல்லாம் உதவும். டிவிக்கு எதிர்ச்சுவரில் துணி மாட்டும் கொடி இருந்த காலத்தில் எங்கள் வீட்டுப் பேச்சு இன்னும் தெளிவாக இருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பெட்டிகளை எங்கே வைப்பது? அலமாரிக்குள் தள்ளாமல் விளிம்புக்கு இழுத்து, காது உயரத்தைப் பார்த்து வையுங்கள். கீழே பழைய ரப்பர் செருப்பை வெட்டிப் போட்டால் பலகை அதிராது. வூஃபர் இருந்தால் மூலையில் தள்ளாதீர்கள். மூலைச் சுவர்கள் அதன் உறுமலைப் பெருக்கும், கீழ் வீட்டுக்காரர் ஏறி வருவார். இரண்டு பெட்டிகளையும் ஆளுக்கொரு மூலையில் நிறுத்தும் பழக்கமும் வேண்டாம். குடும்பம் தரையிலும் சோபாவிலும் சிதறி உட்காரும். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்துப் பெட்டி மட்டும்தான் கேட்கும். டிவிக்கு ஒட்டி இரண்டு பக்கமும் வைத்தால் போதும். ஒலி திரைக்குக் கொஞ்சம் கீழேயிருந்தோ பக்கத்திலிருந்தோ வருகிறதே என்ற கவலை தேவையில்லை. பொம்மலாட்டத்தில் பாடுகிறவர் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறார். நாம் அரிச்சந்திரன் பாடுவதாகத்தானே பார்க்கிறோம். அசையும் வாய்க்கே கண் குரலைக் கொடுத்துவிடும்.

கடைசியாக ஒரு வழி. தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். எதிரொலிக்கும் கூடத்தில், சுழலும் மின்விசிறிக்குக் கீழே, காது மங்கிய ஒருவருக்கு இதைவிட மருந்து கிடையாது. சுவரோரமாக வயரை ஓட்டி, ஒரு சின்ன ஸ்பீக்கரை அவர் நாற்காலிக்கு இரண்டடிக்குள் வைத்துவிட்டால், மற்றவர்களுக்குச் சத்தம் குறைவாகவே இருக்கும், அவருக்கு முழுதாகக் கேட்கும்.

அப்பாவுக்காக ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஏறினேன். பையன் வழக்கம்போல் ஒரு குத்துப்பாட்டைப் போட்டு பாஸைத் திருகினான். கண்ணாடி அலமாரி நடுங்கியது. "தம்பி, செய்தி போடுங்க" என்றேன். "நியூஸா? நியூஸ் போட்டு யாரும் ஸ்பீக்கர் வாங்க மாட்டாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே போனில் தேடிப் போட்டான். பாஸை அடியோடு குறைக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். வாழப்பாடி அருகே ஏதோ சாலை மறியல். 'வாழப்பாடி'யின் ழகரம் மூன்றாவது ஜோடியில்தான் ழகரமாக வந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம்.

அன்று இரவே ஒன்றை டிவி பக்கத்திலும் இன்னொன்றை ஈஸிசேர் பக்கத்திலும் வைத்தேன். ஸ்டீரியோ இலக்கணப்படி பெரிய தப்பு. டிவியில் 'மோனோ' ஆக்கிவிட்டதால் குற்றமில்லை. எட்டரைக்குச் சீரியல் ஆரம்பித்தது, ரிமோட் 14-லேயே நின்றது, அடுப்படியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எட்டே முக்காலுக்கு ஈஸிசேரிலிருந்து வந்துவிட்டது: "என்னடா சொன்னான்?" பதறிப்போய்த் திரும்பினேன். நடுவில் கொஞ்சம் கண் அசந்துவிட்டாராம்.